முள் வேண்டாமென்ற நெருஞ்சி

அந்த வருடம், வெயில் ஏறுவதற்குள் காட்டுப்பூக்கள் ஓவியக்காரியின் வீட்டு வாசலில் வரிசையாக வந்து நின்றுவிடும். வேரில் ஒட்டிய மண்ணை மிதியடியில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வரும். அந்த ஒழுக்கம் அவள் புருஷனுக்குக்கூடக் கிடையாது. பறித்த பூவை அவள் வரைய மாட்டாள் என்ற சேதி பொட்டல் முழுக்கப் பரவியிருந்ததால், தும்பையும் குப்பைமேனியும் தாமாகவே நடந்து வந்து முக்காலியில் ஏறி உட்கார்ந்து படமாயின. புருஷன் பஸ் கண்டக்டர். வேலைக்குக் கிளம்பும் முன் வரிசையையும் அவரே பார்த்துக்கொண்டார். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று எருக்கஞ்செடியை விரட்டுவார்.

நெருஞ்சி வந்த அன்றுதான் தப்பு நடந்தது. மஞ்சள் பூவைச் சாய்த்துக்கொண்டு, "முள்ளை மட்டும் விட்டுடுக்கா. படத்துலயாவது நாலு பேரு கிட்ட வரட்டும்" என்று அது கெஞ்சியது. கண்ணால் கண்டதையே வரைந்து பழகியவள், முகத்தாட்சண்யத்துக்காக முதல்முறையாகத் தூரிகையால் ஒரு பொய் சொன்னாள். விடிந்து பார்த்தால் பொட்டலில் இருந்த நெருஞ்சிக் காய்கள் அத்தனையும் பட்டாணி போல வழவழவென்றிருந்தன. ஜனங்கள் வெறுங்காலோடு திரிந்தார்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் வேலையில்லாமல் குறட்டை விட்டார். பிறகு இந்த விஷயம் ஆடுகளுக்குத் தெரிந்தது.

மாதம் முடிவதற்குள் பொட்டல் மொட்டையானது. மிச்சமிருந்த ஒரே ஒரு நெருஞ்சி, படத்துக்கு உட்கார்ந்த அதேதான், மூச்சிரைக்க ஓடி வந்து குளியலறை வாளிக்குள் ஒளிந்துகொண்டது. இதுவும் போனால் இனி அந்த மஞ்சளைக் காணவே முடியாது என்று ஓவியக்காரி தூரிகையை எடுத்தாள். பழைய படத்திலேயே முள்ளை வரையப் பார்த்தாள். சம்மதமில்லாத பூவின் மேல் வண்ணம் ஒட்டவில்லை. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு தரையில் விழுந்தது.

"இப்பதான் குழந்தைங்க என்னைத் தொட்டுப் பாக்குதுங்க. மறுபடி திட்டு வாங்கச் சொல்றியா?" என்றது நெருஞ்சி.

ஜன்னல் வழியே ஒரு வெள்ளாடு தலையை நீட்டி அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. ஓடி வந்த பயமெல்லாம் மறந்து நெருஞ்சி குழைந்தது. "பாருக்கா, எவ்வளவு ஆசையா பாக்குறாரு."

"அவருக்குப் பசிடி" என்றாள் ஓவியக்காரி.

நம்பாமல் வாளியை விட்டு எழுந்து ஜன்னலருகே நகர்ந்த நெருஞ்சியின் ஓரத்து இலையை ஆடு மெதுவாகக் கடித்து, கண்ணை மூடி மென்றது.

"அக்கா, பிரஷ் எங்கக்கா?"

நெருஞ்சி தாவி ஏறிய முக்காலியில் ஆட்டின் தாடி உரசிக்கொண்டிருக்க, அவள் படபடவென்று முள்ளாகப் போட்டுத் தள்ளினாள். அவசரத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. பழைய கணக்குக்கு இரண்டு மடங்கு விழுந்தது. அடுத்த வாய்க்கு நாக்கை நீட்டிய ஆடு கத்திக்கொண்டே தெருக்கோடிவரை ஓடியது.

அடுத்த மழைக்குப் பொட்டல் மஞ்சளாயிற்று. கண்டக்டர் நொண்டிக்கொண்டே வந்து குதிகாலைக் காட்டினார். அவள் ஊக்கால் முள்ளை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு உயிர் போவுது, உனக்கு இளிப்பா?" என்றார் அவர். ஜனங்களும் அவளைக் கொஞ்ச நாள் திட்டினார்கள். பிறகு கெட்டியான செருப்பாகப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள்.