ஆறப்போட்ட தட்டுகள்

எட்டாவது நாள் என்றாலே எனக்குப் பயம். ஏழு நாள் வரை எங்கள் மரவள்ளி மாவு ஃபிலிம், அதாவது பை செய்யும் மெல்லிய தாள், சொன்னபடி மடங்கும். எட்டாம் நாள் காலையில் எடுத்து மடித்தால் அப்பளம்போல் படக்கென்று உடையும். மூன்று மாதமாக இதே கதை. மாவு சரியில்லை என்று சேலத்து வியாபாரியோடு சண்டை போட்டேன். கிளிசரின் கடையை மாற்றினேன், தண்ணீரைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

எங்கள் யூனிட் நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் இருக்கிறது. நர்சரிகளுக்கு மரக்கன்றுப் பை செய்கிறோம். பையைக் கிழிக்கவே வேண்டாம், கன்றோடு நட்டுவிடலாம், பை மண்ணில் மக்கிப்போகும். 'முழுக்க மக்கும்' என்று பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவது திரிபுரசுந்தரியாகிய நான். அங்கே இருக்கும் ஒரே கெமிஸ்ட் நான்தான்.

முதலாளி நாராயணஸ்வாமி நல்ல மனிதர்தான், பொறுமை மட்டும் கிடையாது. ஒரு திங்கட்கிழமை, நான் ஆறு தட்டில் சூடான மாவுக் கூழை ஊற்றி முடித்த நேரத்தில், உடனே மைசூர் ஆபீசுக்கு வா என்று போன் செய்தார். தட்டுகளை நான் யாரையும் தொடவிட்டதில்லை. அன்று வேறு வழியில்லாமல், வேலைக்குச் சேர்ந்து நாலே நாளான சித்தம்மாவிடம் ஒப்படைத்தேன். "தட்டெல்லாம் ஆறப்போடு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் அவசரத்தில் என் வாயில் கன்னடம் வராது.

மைசூர் மண்டி மொஹல்லா ஆபீசில் மேஜைமேல் பாலிதீன் குருணை ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. இதில் கால் பங்கு சேர்த்து மெஷினில் உருக்கி எடுத்தால் வருஷமானாலும் உடையாது என்றார். மக்காதே சார் என்றேன்.

"மண்ணுக்குள்ள போனத யாரு சுந்தரி தோண்டிப் பாக்கப் போறா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. முடியாது என்றேன். அப்படியானால் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வரை பார்ப்போம், உடையாத ஃபிலிம் இல்லையென்றால் பாலிதீன் கலந்த பைக்கு நீ கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் யூனிட்டையே மூடிவிடுகிறேன் என்றார். என்னை நம்பி இல்லை, அந்த யூனிட்டை நம்பி ஐந்து பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அந்த நினைப்போடுதான் திரும்பி வந்தேன்.

வந்து பார்த்தால் ஆறு தட்டும் மொட்டைமாடி வெயிலில் கிடக்கின்றன. என் முறை வேறு. கூழை ஊற்றியதும் மூடி போட்டு, ஒரு ராத்திரி முழுக்க மெதுவாக ஆறவிட்டு, பிறகுதான் நிழலில் காயவைப்பேன். இவளோ சூட்டோடு சூடாகத் தூக்கிப்போய்க் காயவைத்திருக்கிறாள். ஃபிலிமில் தூசி, ஓர் எறும்பு வேறு. மைசூர் கோபம் முழுவதையும் அவள் தலையில் கொட்டினேன். அந்த ஃபிலிம்களை உரித்து ரேக்கில் வீசிவிட்டு, அன்று சாயங்காலமே என் முறையில் இன்னும் ஆறு தட்டு ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி பரிசோதனைத் தாளோடு வந்து நின்றார். என் ஆறு ஃபிலிமையும் மடித்தேன். ஆறும் உடைந்தன. அவர் பேனா மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். அப்போது சித்தம்மா ரேக்கிலிருந்து தன் ஃபிலிம் ஒன்றை எடுத்து வந்து, "இதன்னு நோடி மேடம்", இதைப் பாருங்கள் என்று நீட்டினாள். மடித்தேன். முறுக்கினேன். நாலாக மடித்து நகத்தால் அழுத்தினேன். உடையவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நீங்கள்தானே சொன்னீர்கள் என்று பயந்துகொண்டேதான் சொன்னாள்.

"நீவே ஹேளித்ரல்லா மேடம், ஆர ஹாக்கு அந்தா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கன்னடத்தில் துணியைக் கொடியில் காயப்போடுவதற்கு 'ஆர ஹாக்கு' என்றுதான் சொல்வார்கள். நான் தமிழில் ஆறவை என்ற பொருளில் ஆறப்போடு என்றேன், அவள் கன்னடத்தில் காயவை என்று கேட்டாள். சூட்டில் பிரிந்த மாவின் இழைகள், ஈரமும் நேரமும் கிடைத்தால் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து வரிசை கட்டி இறுகும். சோறு மறுநாள் விறைப்பதும் அதனால்தான். மூடி போட்டு, ராத்திரி முழுக்க அந்த நேரத்தை நானே கொடுத்துக்கொண்டிருந்தேன். வெயில் கொடுக்கவில்லை. கல்லூரியில் படித்த பாடம் இது. வெட்கமாக இருந்தது.

முதலாளி அசையவில்லை. ஒரு நாள் வெயிலை நம்பி ஆர்டர் எடுக்க முடியாது என்றார்.

"இன்னும் எட்டு நாள் குடுங்க சார். பத்து தட்டு என் வழி, பத்து இவ வழி. இவளோடதும் உடஞ்சா நானே பூட்டிச் சாவியக் குடுக்கறேன். பாலிதீன்ல மட்டும் என் கையெழுத்து விழாது."

அவர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, எட்டே நாள் என்றார்.

மறுநாள் வானம் மூடிக்கொண்டது. விடுவேனா? பழைய தகர அலமாரியில் ஹீட்டரும் ஃபேனும் பொருத்தி வெயிலுக்குப் பதிலாக வைத்தோம். ஒரே பானைக் கூழை இருபது தட்டில் ஊற்றினோம். மாவு, கிளிசரின், தண்ணீர் எல்லாம் ஒன்று. காயும் விதம் மட்டும்தான் வேறு. அவள் தட்டுகளை நான் தொடவில்லை.

எட்டாம் நாள் முதலாளி முன்னால் என் பத்தையும் முதலில் மடித்தேன். ஒவ்வொன்றாகப் படக், படக். பத்தும் போயின. பிறகு சித்தம்மா தன்னுடையவற்றை மடித்தாள். ஒன்று ஓரத்தில் கிழிந்தது. ஒன்பது நின்றன. முதலாளி ஒன்றை வாங்கித் தானே கசக்கிப் பார்த்துவிட்டு, பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார்.

தாளில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. உடைந்த பத்துக்கு நேரே என் பெயரை எழுதினேன். அடுத்த பத்துக்குத் தாளைச் சித்தம்மாவிடம் தள்ளினேன். வேலைக்காரர்கள் இதில் எழுதும் வழக்கமில்லை என்றார் முதலாளி.

"செஞ்சவங்கதான் சார் எழுதணும்."

அவள் கன்னடத்தில் எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதி முடிக்கும்வரை அவரும் நின்றார். அதன் கீழே, 'முழுக்க மக்கும்' என்ற வரிக்கு நேரே, நான் கையெழுத்துப் போட்டேன். என் பத்துத் தட்டும் உடைந்த அந்த நாள்போல் சந்தோஷமான நாள் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.