கோழியின் வால் பக்கம்

எங்கள் வெள்ளைக் கோழிக்கு அடை தெளியவே இல்லை. அடியில் ஒரு முட்டைகூட இல்லாமல், வெறும் கூடையில் உட்கார்ந்து கிடந்தது. அக்கா அதை வாளித் தண்ணீரில் முக்கினாள். கம்பிக் கூண்டில் போட்டாள். திறந்துவிட்டதும் நேராகக் கூடைக்கே போனது. கடைசியில் கூடையைத் தூக்கிப் பரண்மேல் போட்டோம். கோழி குளியலறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த செங்கற்களின் சந்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

கிட்டே போனால் கொத்தும். அக்காவின் ஐந்து வயது மகளை மட்டும் கொத்தாது. தினமும் அவள்தான் கைவிட்டு அதை வெளியே இழுத்துத் தீனி காட்டுவாள்.

அன்று அக்காவும் மாமாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“சித்தி, கோழி கொத்திடுச்சு.”

“உன்னையுமா? கட்சி மாறிட்டாளா?”

கையை நீட்டினாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு சிறிய புள்ளிகள்.

“மூஞ்சிகிட்ட கைய வச்சியா?”

“இல்ல. அது சுவரப் பாத்து உக்காந்திருக்கு. நான் வால் பக்கமாத்தான் விட்டேன்.”

கத்தியைக் கீழே வைத்தேன். கோழிக்கு வால் பக்கம் வாய் இல்லை.

பயந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும். விஷம் இருந்தால் அதுவும் வேகமாக ஏறும். என் முகம் தெரியாதபடி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

“கை தூங்குது குட்டி. ஆட்டி எழுப்பிடாத.”

“கை எப்படித் தூங்கும்? அதுக்குக் கண்ணே இல்லையே.”

எதிர்வீட்டு டிரைவர் என்னைப் பார்த்ததும் வண்டியை எடுத்தார். வண்டியிலிருந்தே அக்காவுக்கும் மாமாவுக்கும் செய்தி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். “பாம்பப் பாத்தீங்களா?”

“இல்ல. கோழியத்தான் பாத்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. குட்டியின் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்தினார். “இத அசைக்காதீங்க. ரத்தம் உறைஞ்சா நல்லது. உறையலன்னா மருந்து ஏத்தணும். சில விஷத்துக்கு இமை தொங்கும். கண் இமை தொங்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க.”

மாமா வீட்டுக்குப் போய்ச் செங்கற்களை எடுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

“பாம்புதான். என்ன பாம்புன்னு தெரியல, சுவத்து ஓட்டைக்குள்ள போயிடுச்சு. கோழி திரும்பவும் அங்கயே உக்காந்திருக்கு.”

குட்டி கொட்டாவி விட்டாள். அது அவள் தூங்கும் நேரம்தான். தெரிந்தும் அவள் கன்னத்தைத் தட்டினேன்.

“தூங்காதடி. கதை சொல்றேன்.”

“உனக்குக் கதையே சொல்லத் தெரியாது.”

இமை இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் விரலை உயர்த்தி மேலே பார்க்கச் சொன்னார். குட்டி எரிச்சலோடு பார்த்தாள். பிறகு குழாயை மெல்லச் சாய்த்தார். ரத்தம் வழியவில்லை. அடியிலேயே கெட்டியாக நின்றது.

“இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனா காலை வரைக்கும் இங்க இருக்கணும். தூங்கட்டும். அப்பப்ப எழுப்பிப் பாருங்க.”

அக்கா ஓடிவந்தபோது குட்டி தூங்கிவிட்டிருந்தாள். அக்கா கட்டிலின் மறுபக்கம் நின்றாள். நான் குட்டியின் இமையை விரலால் தூக்கினேன்.

“விடு சித்தி, லூசு.”

குரல் தெளிவாக இருந்தது. அக்கா அழ ஆரம்பித்தாள். நான் சற்றுப் பொறுத்து, மறுபடியும் விரலை நீட்டினேன்.