பம்பு அழும் சத்தம்

ஆயில் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் பாதி தூரம் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மெக்கானிக் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பாதிதான். சின்ன டிராக்டர் அது, நான்கு சக்கரமும் இழுக்கிற வகை. பூந்தொட்டி வரிசைகளுக்கு நடுவிலேயே வளைந்து திரும்பிவிடும். முன்னால் பொருத்திய வாளியில் ஈர மண்ணை அள்ளித் தலைக்குமேல் தூக்கிய வண்டி, இன்றைக்கு வெறும் வாளியையே முழங்காலுக்கு மேல் தூக்க மாட்டேன் என்றது. நர்சரிக்காரி இருக்கையில் அமர்ந்து நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி ஏதோ சொன்னாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் தலையாட்டினார்.

தலையாட்டுவதில் அவர் தேர்ந்துவிட்டிருந்தார். எதற்குச் சிரித்துக்கொண்டே ஆட்டுவது, எதற்கு யோசிப்பதுபோல் மெதுவாக ஆட்டுவது என்பதெல்லாம் எதிரே நிற்பவரின் புருவத்தைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

ஆயில் அளவு சரியாக இருந்தது. ஃபில்டர் போன மாதம் அவரே மாற்றியது. அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வின் திருகை இறுக்கிப் பார்த்தார், முள் அசையவில்லை. மிச்சம் இருந்தது பம்பு. எப்போதும் கடைசியாகச் செய்வதுபோல் குனிந்து காதை அதன் பக்கம் கொண்டுபோனார். ஆயில் வராமல் அடைத்துக்கொண்டாலோ, வழியில் எங்காவது காற்றை இழுத்தாலோ பம்பு மெல்லிய குரலில் இழுத்து இழுத்து அழும். உள்ளே தேய்ந்துபோன பம்பு அப்படி அழாது. அவருக்கு இன்ஜினின் தடதடப்பு கேட்டது. அதற்கு மேலே ஒன்றுமில்லை, மேகமில்லாத வானம்போல.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார்.

"பம்பு போச்சும்மா. புதுசுதான் போடணும். வந்து சேர ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா? மழை அதுவரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா அண்ணே? மண்ணை அணைச்சுக் கரை போடலேன்னா பின்னாடி இருக்கிற கன்னெல்லாம் அழுகிடும். எல்லாம் எங்க வீட்டுக்காரர் கையால ஒட்டுப்போட்டு விட்டுட்டுப் போனது." அவள் இறங்கி வந்தாள். "அப்ப இவ்வளவு நேரம் அழுதுச்சே, அது என்ன?"

"எது அழுதுச்சு?"

"பம்புதான். அதைத்தானே மேல உக்காந்து கத்திக்கிட்டிருந்தேன்? நீங்களும் மாடு மாதிரி தலைய ஆட்டுனீங்க! நீங்க ஃபில்டர் மாத்திட்டுப் போன அன்னையிலேர்ந்து இதே அழுகை. அழுதா பட்டினி, அழலேன்னாதான் ஆயுசு முடிஞ்சுதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"

அவர் ஸ்பானரைத் துணியில் துடைத்தார். துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தார்.

"காது கீது அடைச்சிருக்கா அண்ணே?"

"சளி."

"எங்க வீட்டுக்காரருக்கும் அந்தச் சளி இருந்துச்சு. ஊர் முழுக்கப் பேசுறது கேக்கும், நான் கூப்பிட்டா மட்டும் அடைச்சுக்கும்."

அவள் சிரித்தாள். தானாகச் சிரித்துத் தானாக நிறுத்திக்கொண்டு, போய் மறுபடி இன்ஜினைக் கிளப்பினாள்.

அவர் நீளமான திருப்புளியை எடுத்தார். நுனியைப் பம்பின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். முதலில் தடதடப்புதான் வந்தது. இன்னும் அழுத்தினார், வலிக்கும்வரை. அப்போது அது வந்தது. நாலைந்து அறைகள் தள்ளி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்று தெரிந்தபிறகும் ஒருவர் அழுவதுபோல. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திருப்புளியைக் குழாய் வழியே ஒவ்வோர் இடமாக ஊன்றிக்கொண்டே போனார். ஃபில்டர் சேரும் இடத்தில் அழுகை உரத்தது. காற்று புகாதபடி அந்த இணைப்பைச் சுற்றிக் கிரீஸை அப்பினார். சத்தம் நின்றதா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் முள் துள்ளி மேலே ஏறியதைப் பார்த்தார்.

கழற்றியபோது உள்ளே இருந்த ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடங்கி நசுங்கியிருந்தது. அவர் வைத்ததுதான். அன்றும் வேலை முடிந்து குனிந்து காது கொடுத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை என்று நிம்மதியாகக் கிளம்பிப் போயிருந்தார்.

புது வளையம் போட்டதும் வாளி அவர் தலையைத் தாண்டி உயர்ந்தது. நர்சரிக்காரி கைதட்டினாள். அந்தக் கைகள் ஓசையின்றி மோதிக்கொள்வதைப் பார்த்தபடி அவர் சாமான்களைப் பெட்டியில் போட்டார்.

வேனில் ஏறியவர் சாவியைத் திருகவில்லை. அவர் மனைவியின் குரலும் மெல்லியதுதான். தன் அக்கா வீட்டோடு போய்விடுவதற்கு முந்தைய நாள் அடுப்படியில் நின்று, "நான் சொல்றது எதுவுமே உங்க காதுல விழறதில்ல" என்றாள். எல்லா வீட்டுச் சண்டையிலும் வருகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டு, "நல்லாத்தான் விழுது, நீ உன் வேலையப் பாரு" என்று திரும்பாமலே சொன்னார். மறுநாள் அவர் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் பையோடு முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்தபோது வாசற்கதவு திறந்து கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்றுதான் இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

செல்பேசியை எடுத்து அவள் எண்ணை அழுத்தினார். கிரீஸ் ஒட்டியிருந்த அதே எலும்பில் வைத்து, திருப்புளியை அழுத்தியதுபோல அழுத்தினார். மணி அடிக்கிறதா என்று தெரியவில்லை. விலக்கிப் பார்த்தபோது திரையில் நொடிகள் ஓடத் தொடங்கியிருந்தன. மூன்று, நான்கு, ஐந்து. கறுப்பு விரல் தடத்துக்குக் கீழே அவை ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, அதை மறுபடி எலும்போடு சேர்த்து வைத்தார்.