பதம் ஏற்றிய பொத்தல்

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து உருட்டும் ரோலரின் கை நடு ஓட்டத்தில் இரண்டாய் முறிந்தது. யார் மேலும் விழவில்லை, அது மாதா புண்ணியம். மறுநாளே தோட்டத்துத் தொரைக்குக் காரணம் கிடைத்துவிட்டது: ஃபிட்டர் அந்தோனிமுத்து போல்ட்டைக் கண்மண் தெரியாமல் முறுக்கிவிட்டான். அப்படி ஒப்புக்கொண்டு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இருபத்திரண்டு வருச வேலை போச்சு.

முறிந்தது புதுக் கை; பழைய வார்ப்பிரும்புக் கைக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கழற்றச் சொன்னதே தொரைதான். கொழும்புக் கம்பெனி எஞ்சினியர் துஷாந்த், அலுமினியத்தில் பீங்கான் மாதிரிக் கெட்டியான தூளைக் கலந்து வார்த்த புதுக் கையைக் கொண்டுவந்து, எடை பாதி, பலம் இரட்டிப்பு என்று கதை அளந்தார். தொரை வாயைப் பிளந்தார்.

விசாரணைக்கும் துஷாந்தே வந்தார். நல்ல நீதிதான் போங்கள்! வார்த்த பிறகு உலையில் வைத்துப் பதம் ஏற்றிய சாமான் தானாக முறியாது என்றார். அந்தோனிமுத்து முறிந்த துண்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். நடுவே, வார்ப்பிலேயே விழுந்த ஒரு பொத்தல். சரியாகப் பிசையாத மாவில் உப்பு நிற்பது போல, அதைச் சுற்றித் தூள் கட்டிகட்டியாய் நின்றது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது.

"சூடு ஏத்தினா பொத்தல் அடையாதுங்க சார். சுத்தி உள்ளது இறுகிப் போச்சு, கொஞ்சமும் வளைஞ்சு குடுக்கல. அதான் ஒரேயடியா முறிஞ்சிருச்சு."

ஃபிட்டருக்கு எதற்கு விஞ்ஞானம் என்று தொரை பேனாவை நீட்டினார்.

அந்தோனிமுத்து பேனாவை வாங்கவில்லை. அதே வார்ப்பில் வந்த இன்னொரு கை பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, அதைத் துஷாந்த் சாரே மாட்டி, போல்ட்டைத் தன் அளவுக்கே முறுக்கட்டும் என்றான். கௌரவப் பிரச்சினையாயிற்றே, துஷாந்த் மாட்டி முறுக்கினார். அந்தோனிமுத்து ஸ்விட்சில் விரலை வைத்தான்.

"இப்ப ஓட்டுறேன். நீங்க ரெண்டு பேரும் ரோலர் பக்கத்துலயே நில்லுங்க."

துஷாந்துக்கு அந்த நிமிடம் பார்த்து அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது. தொரை வாசல்வரை பின்வாங்கி, ஓட்ட வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"ஏங்க தொரை, இதுல என் கை படவே இல்லையே."

அன்றைக்கே வார்ப்பிரும்புக் கை மறுபடி ஏறியது, கடிதம் குப்பைக்குப் போயிற்று. ஆனால் தலைமை அலுவலகத்துக்குக் காரணம் ஒன்று எழுதியாக வேண்டுமே! தொரையும் துஷாந்தும் கூடிப் பேசி, மஸ்கெலியாக் குளிர்தான் கையை முறித்தது என்று எழுதி அனுப்பினார்கள். குளிருக்குத் தொழிற்சங்கம் கிடையாது.