பூட்டிய அறையில் சோற்று வாசம்

எங்கள் கோட்டையூர் வீட்டில் பொதுச்சாமான் அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என் அப்பச்சியிடம், இன்னொன்று பெரியப்பாவிடம். அப்பாவைத்தான் நாங்கள் அப்பச்சி என்போம். பாகப்பிரிவினைச் சண்டை வந்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அப்பச்சிக்கு முன்கட்டில் அடுப்பு, பெரியப்பாவுக்குப் பின்கட்டில் அடுப்பு. நடுவில் தூது போகிறவள் மீனு என்கிற நான்.

ஒருநாள் அந்த அறையிலிருந்து சுடுசோற்று வாசம் வந்தது.

"உங்க பெரியப்பா கள்ளச்சாவி போட்டு உள்ளே உலை வச்சிருக்காக" என்று அப்பச்சி குதித்தார். "உங்கப்பன் அடுப்பு வச்சு அறையை வளைக்கப் பார்க்கிறான்" என்று பெரியப்பா குதித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சோறு வடித்தது ஒரு மரநாய்! சாயங்காலங்களில் மதில்மேல் போவதைப் பார்த்திருக்கிறேன். பூனை மாதிரி உடம்பு, முகத்தில் கறுப்புப் பட்டை, உடம்பு நீளத்துக்கு வால். அதன் உடம்பு வாசமே பச்சரிசிச் சோற்று வாசம்தான். சொன்னேன். "மரநாய் பொங்கித் திங்குதாக்கும்" என்று இருவரும் என்னைத்தான் கேலி செய்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

அதோடு விட்டார்களா? "புகை போக வழி இல்லாட்டா எப்படிப் பொங்குறாகன்னு பார்ப்போம்" என்று அப்பச்சி ஆள் வைத்து, ஓட்டுக்கு அடியில் இருந்த பொந்தைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார்.

மறுநாள் என் சிரிப்பு நின்றுவிட்டது. கதவில் காதை வைத்தால் உள்ளே பிறாண்டும் சத்தம். கூடவே மெல்லிய கீச்சுக் குரல்கள். குட்டி போட்டிருக்கிறது! அதற்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டோம். தாய் பட்டினி கிடந்தால் குட்டிகளுக்குப் பால் ஏது? அப்பச்சியிடம் கெஞ்சினேன்.

"அவுக சாவியோட வந்தா நானும் வாரேன்."

பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். பிறாண்டல் குறைந்துகொண்டே வந்தது.

வேறு வழியில்லாமல் பொய் சொன்னேன். முன்கட்டுக்கு ஓடி, "பெரியப்பா அறையைத் திறந்துட்டாக!" என்றேன். பின்கட்டுக்கு ஓடி, "அப்பச்சி அறையைத் திறந்துட்டாக!" என்றேன்.

இருவரும் சாவியோடு ஓடிவந்து கதவடியில் மோதிக்கொண்டார்கள். இரண்டு பூட்டும் அப்படியே தொங்கின. உள்ளே ஏதோ கீச்சிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள்.

பித்தளை அண்டாவுக்குள் தாய் சுருண்டு கிடந்தது. வயிற்றோடு ஒட்டி இரண்டு குட்டிகள். எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியதே தவிர, நகரவில்லை. நாங்கள் போனால்தான் அது வெளியே வரும்.

"மீனு, உங்க பெரியப்பாவை மொதல்ல போகச் சொல்லு."

"உங்கப்பனைப் போகச் சொல்லு."

திறந்த அறையை ஒருவரை நம்பி ஒருவர் விடமாட்டார்களாம். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அது சாகட்டும், அதையும் ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கங்க!" என்று கத்தினேன்.

இருவரும் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றாக நிலைப்படியைத் தாண்டினார்கள். முற்றத்து ஓரத்தில் ஆளுக்கொரு தூணடியில் உட்கார்ந்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் தாய் எட்டிப் பார்த்தது. வாயில் ஒரு குட்டி. தூணில் விறுவிறுவென ஏறி ஓட்டுக்கு மேலே மறைந்தது. பெரியப்பா எழுந்தார், தன் பூட்டை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

அப்பச்சி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"அண்ணே, பொறுங்க. இன்னொன்னு உள்ளே இருக்கு."

அப்பச்சி 'அண்ணே' என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியப்பா பூட்டைக் கீழே வைத்துவிட்டு, அப்பச்சியின் தூணடியிலேயே போய் உட்கார்ந்தார்.