தம்பி பெயரில் வந்த முடிவு

எல்லாரும் சௌக்கியமா? வயிறு, குடல் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா? சிரிக்காதீர்கள், இன்றைக்குப் பேச்சே அதைப் பற்றித்தான்.

என் தம்பி பிளம்பர். யார் வீட்டுக் கழிவறை அடைத்தாலும் முழங்கை வரை கையை விட்டு எடுப்பவன். அவனுக்குத் தபாலில் குடல் புற்றுநோய்ச் சோதனைப் பெட்டி வந்தது. குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கு, உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், சுகாதாரத் துறையே சில வருடங்களுக்கு ஒருமுறை அனுப்பும். மலத்தைச் சின்னக் குச்சியால் சுரண்டி, குழாயில் போட்டு மூடி அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம்கூட ஆய்வகத்தில் தெரிந்துவிடும்.

ஊரார் அடைப்புக்கு முகம் சுளிக்காதவன், தன்னுடையதற்கு மூக்கைப் பொத்தினான். நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள், அனுப்பியாகிவிட்டது என்றான்.

அப்புறம் நர்ஸ் அவனுக்குப் போன் செய்தார். ரத்தம் இருக்கிறது, கேமரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும், மூலநோயாகவும் இருக்கலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள் என்றாராம்.

அலறியடித்துக்கொண்டு ஓடினேன். தம்பி ஏற்கெனவே பளபளத்த ரெஞ்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். நான் சொன்ன ஆறுதலெல்லாம் சுவருக்குத்தான் போனது.

கடைசியில் அவன் தலை நிமிராமல் சொன்னான். "அக்கா, அது என்னோடது இல்ல."

"பின்ன யாரோடது?"

"இவளத்தான் எடுத்துப் போடச் சொன்னேன். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுதுன்னு…"

ரத்தம் அவளுடையது. அவளுக்கோ பெட்டி வருகிற வயதே இன்னும் ஆகவில்லை.

"விட்டுடுங்க அண்ணி," என்றாள். "எனக்கு ஒரு வலியும் இல்ல. இவர் போய்ப் பாத்துட்டு வரட்டும். ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவாங்க."

"அவனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுவாங்க. உனக்கு யாருடி சொல்றது?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா?"

தம்பி ரெஞ்சைக் கீழே வைத்தான். போனை எடுத்து, செய்த திருட்டு வேலையை ஒன்றுவிடாமல் நர்ஸிடம் சொன்னான். அவர் திட்டவில்லை. அவளுடைய பெயரைக் கேட்டார், உடனே டாக்டரைப் பார்க்க வழி செய்தார்.

சோதனை நாளன்று நானும் தம்பியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் எழுந்து நின்றான். ஒருவழியாக டாக்டர் வந்தார். உள்ளே சதை வளர்ந்திருந்ததாம், பார்த்த கையோடு வெட்டி எடுத்துவிட்டாராம். வலி காட்டாமல் வளர்ந்து, வருடங்கள் போனால் புற்றாக மாறக்கூடிய வகையாம். ஆய்வக முடிவு வரும்வரை எங்கள் மூவருக்கும் சோறு இறங்கவில்லை. இன்னும் புற்றாகவில்லை என்று வந்தது.

அவள் அன்றைக்கே தம்பிக்குப் புதுப் பெட்டி கேட்டு வாங்கினாள். குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உள்ள போங்க. முடிச்சுட்டுத்தான் வெளிய வரணும்," என்றாள்.

உங்கள் வீட்டில் அந்தப் பெட்டி எந்த மூலையில் கிடக்கிறது? யார் தட்டிக்கழித்தார்கள், யார் விரட்டினார்கள்? கூச்சப்படாமல் எழுதுங்கள்.