ஒரே டேக்கில் எரிய வேண்டிய கப்பல்

என் கொழுந்தனுக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. மற்ற நேரமெல்லாம் விண்வெளிக் கப்பல் கட்டுவது. சின்ன வயதில் அவர் உயிரை விட்டுப் பார்த்த டிவி தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். முடிவை நானே படமாக எடுத்துக் காட்டுகிறேன் என்று அதன் ரசிகர் கூட்டத்திடம் சவடால் அடித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் பதினொரு வருடம், பொம்மைக் கப்பல் ஏறி உட்கார்ந்த என் சாப்பாட்டு மேசை எனக்குச் சொந்தமில்லை.

கேமரா பிடித்தது என் வீட்டுக்காரர். ஜன்னல் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு வேற்றுக்கிரக அரசியாக நடித்தது நான். எல்லாம் எடுத்தாயிற்று, ஒரே ஒரு காட்சி பாக்கி. கடைசியில் கப்பல் எரிந்து வெடிக்க வேண்டும். அதற்கு மட்டும் நேரம் கூடிவரவில்லை. ஒரு மாதம் வெளிச்சம் சரியில்லை, அடுத்த மாதம் காற்று அதிகம், அப்புறம் கேமரா பழசு. ஆள் வெறும் வாய்தான் என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், பல் செதுக்கும் ஊசியை வைத்துக்கொண்டு கப்பலின் அடிவயிற்றில் குட்டி விளக்கு ஒன்றைப் பொருத்திக்கொண்டிருக்கிறார். கேமரா கண்ணிலேயே படாத இடம்.

“எரியப்போற கப்பலுக்கு எதுக்குத் தம்பி புது விளக்கு?”

அவர் நிமிரவில்லை. “இந்தக் கப்பல் ஒண்ணுதான் அண்ணி இருக்கு. கொளுத்திட்டா திரும்பச் செய்யக் கண்ணுல தெம்பில்ல.”

“கம்ப்யூட்டர்ல எரிச்சிடலாம்டா” என்றார் வீட்டுக்காரர்.

“அப்படி எரிச்சா எனக்கே வலிக்காதுண்ணே. பாக்கறவங்களுக்கு எங்க வலிக்கும்?”

அத்தனை சாக்கும் கப்பல் மேலிருந்த பாசத்தில் சொன்னது என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் அவரே வந்து நின்றார். “இன்னைக்கு எடுத்துடலாம் அண்ணி. கூட்டத்துல படம் எங்கன்னு கேக்கறதையே விட்டுட்டாங்க. முடிவு காட்டாம ஏமாத்தினவங்க மேல எனக்கு எவ்வளவு கோபம் வந்துச்சு! இப்ப நானும் அதையேதானே பண்றேன்?”

மொட்டைமாடியில் கறுப்புத் துணி கட்டி, கப்பலைக் கம்பியில் தொங்கவிட்டோம். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். திரியைப் பற்றவைத்தது அவர்தான். கப்பல் விலாவில் சிவந்து, முதுகு பிளந்து, பொலபொலவென்று உதிர்ந்தது. நான் தேம்பிக்கொண்டிருந்தேன். அவர் “கட்” என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துச் சாம்பலைக் கூட்டினார். அப்படியொரு நெஞ்சுரத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

வாடகைக்கு எடுத்த கூடத்தில் படம் ஓடியது. விளக்குப் போட்டதும் ரசிகர் கூட்டத்திலிருந்து ஒரு நர்ஸம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே அவரிடம் வந்தார்.

“உள்ள இருந்தவங்க எல்லாரும் என்ன ஆனாங்க சார்?”

அவர் சட்டைப்பையிலிருந்து பல்செட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே அரிசி அளவில் மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் கண் மூக்கு வரைந்திருந்தது. அந்த மேசையிலேயே சாப்பிட்ட நான்கூட அவர்களைப் பார்த்ததில்லை.

“எல்லாரையும் இறக்கிட்டுத்தாங்க தீ வச்சேன்” என்றார்.